தெருக்கோடி ஆளின் கட்டி

மயிலாப்பூர்
12 அக்டோபர் 2023

அன்பு மகள் டாக்டர் ரூஹிக்கு அத்தா ஷரஃபுதீன் சலாம் சொல்லி எழுதச் சொல்வது. இறைவன் கருணையில் இங்கே எல்லோரும் சோற்றுக்கும் மூச்சுக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். அந்தத் தான்சானியா ஏரிக்காற்று உன் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா?

வீடியோவில் வரச் சொல்கிறாய். அந்தக் கண்ணாடிக்குள் என் முகத்தை நானே பார்த்தால் தலை சுற்றுகிறது. கடிதம் என்றால் படித்துக் காட்டச் சொல்லி மனப்பாடம் செய்துகொள்வேன், பிறகு எப்போது வேண்டுமானாலும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். எழுதுவது நம் பக்கத்து வீட்டு குலாம் முகம்மதுதான். தபால் ஆபீசில் முத்திரை குத்திப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம்.

விசேஷம் என்னவென்றால், உன் அக்கா மகள் இஃப்ராவைப் பெண் பார்க்கப் பாலவாக்கத்திலிருந்து வந்தார்கள். பையன் உபைத், பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. பையனின் தாய் உள்ளே நுழைந்ததும் பெண்ணைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வூட்ல பெரியவங்களுக்குச் சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். உன் அக்கா அமீனா பீ, "அல்லாஹ் காப்பாத்தினான், ஒரு தலைவலிகூட இல்ல" என்றாள். நான் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நல்ல அடர்த்தியாக வளர்த்திருக்கிறேன். பள்ளிவாசலில் எல்லோரும் மெச்சுகிறார்கள்.

இஃப்ராவுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. வாயால் சொல்லவில்லை, அன்றைக்கு மட்டும் ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டாள்.

துஆவுடன்,
அத்தா


ஏரிக்கரை மருத்துவமனை, தான்சானியா
5 நவம்பர் 2023

என் அத்தாவுக்கு ரூஹியின் சலாம். இங்கே பெரியவர்களைக் கண்டால் "ஷிகாமோ" என்று வணங்க வேண்டும், அவர்கள் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே ஷிகாமோ அத்தா. என் சளி போய்விட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இங்கே வாயிலும் தாடையிலும் வரும் கட்டிகளை அறுப்பதுதான் என் வேலை. கூடவே ஓர் ஆராய்ச்சி. எச்சில் ஊறும் சுரப்பிகளில் வரும் கட்டி இந்தப் பக்கத்து மக்களுக்கு எங்கே வருகிறது, எந்த வயதில் வருகிறது என்று பார்க்கிறேன். எனக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததே, காதுக்குக் கீழே, அதே சுரப்பிதான். அங்கே வருவது போக, இவர்களுக்கு மேலண்ணத்திலும் நிறைய வருகிறது. முப்பது, நாற்பது வயதிலேயே வருகிறார்கள். பாதிக்கு மேல் சாதுவான கட்டிதான். ஆனால் அதை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் தேங்காய் அளவு ஆன பிறகு வருகிறார்கள். சாதுவும் நாள்பட்டால் குணம் மாறிவிடும்.

போன வாரம் மாமா நீமா என்று ஒருவர் வந்தார். இங்கே மாமா என்றால் அம்மா, நீமாவின் அம்மா. தாடையை மறைத்துத் துணி சுற்றியிருந்தார். மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் மாடுகள் தர வேண்டும், அம்மாவுக்கு நோய் என்று தெரிந்தால் பின்வாங்குவார்களாம். கல்யாணம் முடியட்டும் என்று எழுந்து போய்விட்டார். வலிக்கவில்லை என்பதுதான் இவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம். உங்களுக்கு மனிதர்களைத் தெரியும். அவரை எப்படி வரவழைப்பது, சொல்லுங்கள்.

உங்கள் ரூஹி


மயிலாப்பூர்
28 நவம்பர் 2023

அருமை மகளுக்கு மரஹபா. நல்ல வணக்கம்தான், இரண்டு பக்கமும் மரியாதை இருக்கிறது. முழங்கால் அப்படியே இருக்கிறது, நானும் அப்படியே இருக்கிறேன். மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

மாப்பிள்ளை வீட்டாரே மாடு கொடுக்கிற ஊரா அது! குலாம் முகம்மது, "நாம தப்பான ஊர்ல பொறந்துட்டோம் ஷரஃபு" என்கிறான். அவனுக்கு மூன்று பெண்கள்.

மாமா நீமாவை வற்புறுத்தாதே. பெற்றவளுக்குத் தெரியாதா?

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். நம் தெருக்கோடியில் ஒரு ஆள் இருக்கிறான். உனக்குத் தெரியாது, புதிதாக வந்தவன். அவனுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி. நாலு வருஷம் முன்னே சவரம் பண்ணும்போது கைக்குப் பட்டதாம், அப்போது பட்டாணி அளவு. வலி இல்லை. பொன்னுக்கு வீங்கியின் தம்பி என்று நினைத்து, பொன் பட்டால் இறங்கிவிடும் என்று, செத்துப்போன பெண்சாதியின் தங்கச் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்தானாம். மார்க்கத்தில் ஆம்பளைக்குத் தங்கம் ஆகாது என்று தெரிந்தும் போட்டிருக்கிறான். இறங்கவில்லை. இப்போது எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது. உன் கடிதத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன், பயந்துவிட்டான். அவன் வீட்டிலும் ஒரு கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவனுக்கு என்ன சொல்வது? பொதுவாகச் சொன்னால் போதும்.

துஆவுடன்,
அத்தா


ஏரிக்கரை மருத்துவமனை
20 டிசம்பர் 2023

அன்புள்ள அத்தா, சலாம். புயல் செய்தி பார்த்தேன். தண்ணீர் முன்வாசலோடு நின்றுவிட்டது என்று அக்கா சொன்ன பிறகுதான் சாப்பிட்டேன். எல்லோரும் உலர்ந்து, சூடாக இருக்கிறீர்கள்தானே?

அந்தத் தெருக்கோடி ஆளுக்கு மூன்று சோதனை சொல்கிறேன், காசில்லாத சோதனை. கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை ஊதட்டும், விசில் அடிக்கட்டும், கண்ணை இறுக்கி மூடட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்தால் பயம் குறைவு. இடது பக்கம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் கட்டி நரம்பைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் மரக்கிளை மாதிரிப் பிரிந்து ஓடுகிறது. அப்படி இருந்தால் நாள் பார்க்கக் கூடாது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஊசி மட்டும் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாமா நீமாவைத் தேடி வாரச்சந்தைக்கே போனேன். மீன் விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மீன் சும்மா கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த ஆளின் பெயர் என்ன அத்தா?

உங்கள் ரூஹி


மயிலாப்பூர்
14 ஜனவரி 2024

அன்பு ரூஹிக்கு அத்தாவின் சலாமும் துஆவும். உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இங்கே புயல் தண்ணீர் வடிந்து, வீடு காய்ந்து, பொங்கலுக்குத் தெருவே கோலமாகக் கிடக்கிறது.

பெயரெல்லாம் எதற்கு? அவன் சொல்ல மாட்டேன் என்கிறான்.

நீ சொன்னதைச் செய்து பார்த்தான். கன்னத்தை ஊதினால் காற்று இடது ஓரமாகப் போய்விடுகிறது. விசில் வரவில்லை. கண் மூடுகிறது, கொஞ்சம் மெதுவாக. டீ குடித்தால் சட்டையில் சிந்துகிறது, அதற்குக் கை நடுக்கம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறான்.

இஃப்ரா நிக்காஹ் பக்ரீத் கழித்து, ஜூன் மாதம் கடைசி ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. தி. நகரில் புடவை எடுத்தார்கள். அந்தப் பெண் கண்ணாடி முன்னால் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ எழுதுகிறாய், ஊசி மட்டும் குத்திப் பார்த்தால் போதும் என்று. அடையாறு வாசலில் யாராவது பார்த்துவிட்டால்? நம் தெருவில் "அடையாறு போயிருக்காங்க" என்று சொன்னாலே குரலைத் தாழ்த்துவார்கள். பாலவாக்கத்துக்கு அந்தச் சேதி போக எவ்வளவு நேரம் ஆகும்? மாமா நீமா முட்டாள் இல்லை. அவளுக்குத் தன் தாடையைவிட மகள் பெரிது. அதைப் படித்தவர்கள் அறியாமை என்கிறீர்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

இதைச் சொல்லச் சொல்ல குலாம் முகம்மது பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இன்னா ஷரஃபு, பாலவாக்கம்னு சொல்லிட்டியே. தெருக்கோடி ஆளுக்கும் அங்கதான் சம்பந்தமா?" என்றான். எழுது என்றேன். எழுதியிருக்கிறான்.

அத்தா


ஏரிக்கரை மருத்துவமனை
8 பிப்ரவரி 2024

அன்பு அத்தாவுக்கு ஷிகாமோ. நான் நலம். உங்களைப் பற்றி விசாரிக்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா போனில் பேசினாள். இஃப்ராவுக்குப் போடுவதற்காக அம்மாவின் சங்கிலியைத் தேடினாளாம். பீரோவில் இல்லை. உங்கள் தலையணைக்குக் கீழே இருந்ததாம். "அம்மா ஞாபகம் போல, கேக்காம விட்டுட்டேன்" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அந்தத் தெருக்கோடி ஆளுக்கு நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். நான் இப்போதே அவர் வீட்டுக்கு ஒரு போன் செய்ய முடியும். செய்யவில்லை. அது அவர் முகம், அவர் கல்யாண வீடு, அவர் வாயால் வர வேண்டும். ஆனால் நான் எல்லா நாளும் இப்படி வாயைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன். நோன்புப் பெருநாள் வரை பொறுப்பேன்.

அவரை அறியாதவர் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை என்றும் சொல்லுங்கள்.

ரூஹி


மயிலாப்பூர்
25 மார்ச் 2024

ரூஹிக்கு அத்தா சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. நீ தனியாக நோன்பு திறப்பாயே, பேரீச்சம்பழம் கிடைக்கிறதா?

பதில் எழுத நாளாகிவிட்டது. குலாம் முகம்மதுவுக்கு உடம்பு சரியில்லை.

(நான் நல்லாத்தான் இருந்தேன் ரூஹி. இவன்தான் என்னைக் கூப்பிடலை. - கு.மு.)

அந்த ஆள் பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்கிறான். நோன்புக் கஞ்சியைக் கோப்பையில் குடிக்க முடியவில்லையாம், கரண்டியால் வலது பக்கமாக ஊற்றிக்கொள்கிறான். போன வாரத்திலிருந்து வலி இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அத்தா


ஏரிக்கரை மருத்துவமனை
18 ஏப்ரல் 2024

அத்தா, உங்களுக்குப் பெருநாள் வாழ்த்தும் சலாமும். இங்கே நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான்.

மாமா நீமா வந்தார். மகள் கல்யாணம் முடிந்த மறுவாரமே சொன்ன சொல் தவறாமல் வந்தார். நான் படம் எடுத்துப் பார்த்தேன். கட்டி மண்டையோட்டின் அடிவரை போய்விட்டது. கத்தி வைக்க இடமில்லை. வலிக்கு மருந்து தருகிறேன், அவ்வளவுதான் என்னால் முடிகிறது.

சம்பந்தி வீட்டார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள். முன்பே சொல்லியிருந்தால் நாங்களே மாட்டை விற்று அழைத்து வந்திருப்போம் என்கிறார் மாப்பிள்ளையின் தகப்பனார். உண்மையாகவே அப்படிச் செய்திருப்பாரா, பின்வாங்கியிருப்பாரா? எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். யாரும் அவரைக் கேட்டுப் பார்க்கவில்லை.

பெருநாள் முடிந்துவிட்டது அத்தா. இந்தக் கடிதம் கிடைத்த வாரமே அந்த ஆள் ஊசி குத்திக்கொள்ளாவிட்டால் அடுத்த விமானத்தில் நான் வந்து தெருக்கோடியில் நிற்பேன்.

உங்கள் மகள்


மயிலாப்பூர்
12 மே 2024

என் கண்ணே ரூஹி, அத்தாவின் சலாம். நான் நலமாக இல்லை.

இது உன் கைக்கு வருவதற்குள் உன் அக்கா போனில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். இருந்தாலும் என் வாயால் வர வேண்டும் என்றாயே, அதற்காகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை குலாம் முகம்மது படித்தான். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். "முடியாது. மொதல்ல சட்டையப் போடு" என்றான். அடையாறுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறிப் பாலவாக்கம் போனோம்.

சம்பந்தி வீட்டில் சர்பத் கொடுத்தார்கள். நான் குடிக்காமல் தாடியை ஒதுக்கிக் கட்டியைக் காட்டினேன். "நாலு வருஷமா இருக்குது. மறைச்சு வெச்சது நான், என் பொண்ணுக்கோ பேத்திக்கோ தெரியாது. நாளைக்கு அடையாறு போறேன். நீங்க தெருவுல கேள்விப்படக் கூடாதுன்னு வந்தேன்" என்றேன். உபைதின் தகப்பனார் நல்ல மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டார். தாயார்தான், "பரம்பரையா வருமா?" என்று கேட்டாள். என் மகள் இதே வைத்தியம் படித்தவள், இது அப்படி வருவதில்லை என்று சொல்வாள் என்றேன். "இருக்கட்டும். நிக்காஹுக்கு முன்னால பொண்ணை ஒரு தபா டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிடுங்க. காது, கழுத்து எல்லாம்" என்றாள். உபைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இஃப்ரா என்னைக் கேட்டாள், "நன்னா, அவரு இன்னா சொன்னாரு?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நிக்காஹ் புடவையை மடித்துப் பீரோவில் வைத்தாள். பிறகு, "அமுக்கிப் பாத்து வாங்கறதுக்கு நான் இன்னா கத்திரிக்காயா? வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். அன்றைக்குத் துணி துவைக்கிற குழாயடியில் ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. துணி ஒன்றும் இல்லை.

உன் அக்கா என்னிடம் பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், தட்டு பேசுகிறது.

ஊசி குத்தினார்கள். சாதுவாக இருந்தது குணம் மாறிவிட்டது என்றார்கள். அறுக்க வேண்டும், நரம்பில் ஒரு பங்கு போகும் என்றார்கள். நீ வா.

தெருக்கோடி ஆள்,
உன் அத்தா


ஏரிக்கரை மருத்துவமனை
3 ஆகஸ்ட் 2024

அத்தாவுக்கு ரூஹியின் சலாம். உங்கள் ஆபரேஷன் முடிந்து கிளம்பியவள் பத்திரமாக வந்து சேர்ந்தேன். தையல் இடம் ஆறிவிட்டதா? கண்ணில் சொட்டு மருந்து விடுகிறீர்களா? இமை முழுதாக மூடாதவரை ராத்திரி கட்டுப் போட வேண்டும். கதிர் வைத்தியத்துக்கு ஒரு நாளும் தவறக் கூடாது. கட்டி அந்தச் சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை என்று அங்கே டாக்டர் சொன்னதை நம்புங்கள், நானும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இன்னும் சில மாதம் தள்ளியிருந்தால் இந்த வார்த்தையை என்னால் எழுத முடிந்திருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். மாமா நீமாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். கடிதங்களை அவருடைய மொழியில் சொல்லிக் காட்டினேன். படுத்தபடி கேட்டார். தெருக்கோடி ஆள் வந்தபோது சிரித்தார், அவருக்குச் சிரிப்பதே வலி. முடிந்ததும், "அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததா?" என்றார். இல்லை என்றேன்.

அவர் சொன்னார்: "என் பெண்ணுக்கு நடந்தது. நான் ஆடினேன், எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வருத்தமில்லை என்று உன் தகப்பனிடம் சொல். அவரும் வருத்தப்பட வேண்டாம். அவருக்கு இன்னும் ஆடுவதற்கு நாள் இருக்கிறது."

சொல்லிவிட்டேன் அத்தா.

உங்கள் ரூஹி


மயிலாப்பூர்
30 ஆகஸ்ட் 2024

அன்பு மகளுக்கு அத்தாவின் சலாம். தையல் ஆறிவிட்டது. கதிர் வைத்தியம் முடிகிற தறுவாயில் இருக்கிறது, வாய் காய்ந்து ருசி தெரியவில்லை, அதனால் உன் அக்கா சமையலை மனதாரப் புகழ முடிகிறது. அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். திட்டுகிறாள் என்று அர்த்தம். என் பேச்சு குழறுகிறது. குலாம் முகம்மதுவுக்குப் பாதி புரிவதில்லை, இருந்தும் எழுதுகிறான்.

மாமா நீமா சொன்னதை மனப்பாடம் செய்துவிட்டேன். இஃப்ராவைப் பார்க்கும்போது சில நாள் மாமா நீமா செய்ததுதான் சரி என்று படுகிறது. இதை அவளிடம் சொல், ஒளிக்காமல் சொல். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நேற்று திருவல்லிக்கேணியிலிருந்து இஃப்ராவைப் பார்க்க இன்னொரு வீட்டார் வந்தார்கள். அவர்கள் வரும்போது நான் குலாம் முகம்மது வீட்டில் போய் இருக்கிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டிவிட்டேன். முகம் இப்படிக் கோணிக் கிடக்கிறது, ஒரு கண் நீர் வடிக்கிறது. இஃப்ரா வாசலில் குறுக்கே நின்றாள். "எங்க கிளம்பினே? உள்ள வா" என்றாள். கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு, அதுவும் இடது பக்கம் வெளிச்சத்தைப் பார்த்து, என்னை உட்கார வைத்தாள்.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள், "இது எங்க நன்னா. இவருக்குக் கன்னத்துல கேன்சர் ஆபரேஷன் ஆகியிருக்குது. நல்லாப் பாத்துக்கினு, அப்புறம் உக்காருங்க."

உன் அக்கா அடுக்களையில் "யா அல்லாஹ்" என்றாள். வந்த பையனின் தாய் என்னைப் பார்த்தாள். பையன் பார்த்தான். எனக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது. இஃப்ராவின் கை என் தோளில் இருந்தது.

பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

எழுந்து போகும்போது யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் சேதி வரவில்லை. வந்தால் எழுதுகிறேன், வராவிட்டாலும் எழுதுகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

துஆவுடன்,
அத்தா